ஷீலா பிடித்த விரால்

மகள் ஆரோக்கிய ஷீலா என்ன படிக்கிறாள் என்று ஊராருக்கு விளக்குவது தேவகோட்டைக் கணக்கு வாத்தியார் அருள்பிரகாசத்துக்குப் பெரும்பாடாக இருந்தது. சுற்றுச்சூழல் பொறியியல் என்று சொன்னால், “சாக்கடை இன்ஜினியரா சார்?” என்று கேட்டவர்களும் உண்டு. ஷீலா அதற்கெல்லாம் அசரவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, தோல் பதனிடும் ஊர், சாயப்பட்டறை ஊர் என்று பதினான்கு வருஷம் சுற்றினாள். கழிவுநீரை முகர்ந்தே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும் மூக்கு வாய்த்த பிறகுதான் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கிடைத்தது.

வந்த இரண்டாவது வாரமே ஒரு மனு. காரைக்குடிச் சாலையில் ஒரு சிற்றூர். அங்கே வீரபாண்டியன் என்பவரின் அரிசி ஆலையில் நெல் ஊறிய தண்ணீர் அப்படியே கண்மாய்க்குப் போனது. ஷீலா போனபோது கண்மாய் கருத்து நுரைத்துக் கிடந்தது. மாடுகூட வாய்வைக்கவில்லை. அவள் பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

“நெல்லுத் தண்ணிதானே மேடம்? என்னமோ விஷம் கலந்த மாதிரிப் பாக்குறீக,” என்றார் வீரபாண்டியன்.

“அது புளிச்சா தண்ணியில இருக்க காத்தையெல்லாம் தின்னுரும்ண்ணே. பெறகு மீன் எப்படி மூச்சு விடும்?”

அவர் சிரித்தார். இரண்டு நோட்டீஸ் போயும் பதில் இல்லை. மூன்றாவதாக ஆலையை மூடும் உத்தரவு போனது, மின்சாரத்தையும் நிறுத்தினார்கள்.

மறுநாள் ஷீலாவின் அலுவலக வாசலில், ஆலைக் களத்தில் நெல் காயப்போடும் பெண்கள் இருபது பேர் நின்றார்கள். “கண்மாயைக் காப்பாத்திட்டீக, சரி. நாங்க எங்குட்டுப் போக?” என்றாள் முன்னால் நின்ற சின்னத்தாயி.

உத்தரவு சரி. சின்னத்தாயி கேட்டதும் சரி. அன்று சாயங்காலமே ஷீலா ஆலைக்குப் போனாள்.

“தண்ணியச் சுத்தம் பண்ணத் தொட்டி கட்டுவோம்ண்ணே. எப்படின்னு நான் சொல்றேன்.”

சண்டைக்குத் தயாராக இருந்த வீரபாண்டியன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் வேலை நடந்தது. கொத்தனாரோடு கத்தி, சேலையெல்லாம் சிமெண்டாக்கி, ஷீலா கூடவே நின்றாள். சோதனைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து முதல் தடவை தொட்டியை ஓட்டியபோது நாற்றம் முன்னைவிட மோசம். தண்ணீருக்குள் காற்று ஊதும் குழாயை மேலாக வைத்துவிட்டார்கள். அடியில் இறக்கினார்கள். பத்து நாளில் தொட்டித் தண்ணீர் தெளிந்தது. சோதனையில் தேறிய தண்ணீரை வீரபாண்டியன் தன் தென்னந்தோப்புக்கே திருப்பிக்கொண்டார். ஆலை திறந்தது, களத்தில் மறுபடியும் நெல் கொட்டினார்கள்.

இரண்டு மழைக்காலம் கண்மாயைக் கழுவி நிரப்பியது. அடுத்த வைகாசியில், ஆறு வருஷமாக நின்றுபோயிருந்த மீன்பிடித் திருவிழாவை ஊர் மறுபடி நடத்தியது. விருந்தாளியாகக் கரையில் நின்ற ஷீலாவின் கையில் சின்னத்தாயி, மீனை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் ஊத்தாக் கூடை ஒன்றைத் திணித்தாள்.

“கரையில நின்னா மீனு தேடி வருமா? இறங்குங்க மேடம்!”

ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே கண்மாய்க்குள் பாய்ந்தது. ஷீலா இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாவது முறை கூடைக்குள் ஏதோ திமிறியது. கைவிட்டுத் தூக்கினால், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்! அவள் போட்ட கூச்சலில் கரையே திரும்பிப் பார்த்தது. விரலளவு கெளுத்தி ஒன்றே கிடைத்த வீரபாண்டியன், “நான் தண்ணிய நிறுத்துனதால வளந்த மீனு மேடம்!” என்று அதிலும் பங்கு கேட்டார்.

அன்று குழம்பு வைத்தது அவள் கணவர் அருண் ஜோசப். புளி கொஞ்சம் தூக்கல். ஆனாலும் சட்டியில் ஒரு சொட்டு மிஞ்சவில்லை.