லிஃப்ட் அண்ணனின் சவுண்டு கார்டு

லிஃப்ட் கதவு மூடியதும் அண்ணன் கண்களையும் மூடிக்கொள்வார். நாலாவது மாடி வருவதற்குள் முகம் சுளியும். "மேல ஒரு பேரிங் தேயுது. உங்க யாருக்கும் கேக்கலையா?" என்று கூட நிற்பவர்களைத் திட்டுகிற குரலில் கேட்பார். யாருக்கும் கேட்டிருக்காது. மறுநாள் கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும்.

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். எனக்கு எதிர்வீடு. குட்டையான, கெட்டியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். மூக்குக்கு மேல் கோபம். குழாய் சொட்டினால் கோபம், யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் கோபம். லிஃப்டுக்குள் பாட்டுப் போடலாமென்று குடியிருப்புச் செயலாளர் ஒரு ஸ்பீக்கரை மாட்டினார். அரை மணி நேரத்தில் அதை வயரோடு அறுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார் அண்ணன்.

இந்த வருஷம் கோபமெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர் மேல். அதில் அண்ணி பாடிய நாலு பாட்டுகள் இருக்கின்றன. எப்போதோ ஒரு நாள் அண்ணியின் தங்கை வந்திருந்தபோது பதிவு செய்தவை. போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அண்ணிக்குப் பேச்சு வெறும் காற்றாகத்தான் வருகிறது. வேலைவிட்டு வந்து கைகழுவியதும் அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த நாலையும் கேட்பார். பின்னால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் ஓடும்; மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்னும். "அவ குரல் மேல யாரோ மண்ணள்ளிப் போடுறான்" என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இரைச்சலில்லாத சவுண்டு கார்டு தேடி மூன்று சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினார். முதல் கடையில் விளக்கு மின்னும் கார்டு ஒன்றை எடுத்து வைத்தார்கள்.

"இதுல எட்டு ஸ்பீக்கர் மாட்டலாம் சார்."

"எனக்கு இருக்கிறது ரெண்டு காது. மீதியை உங்க தலையில மாட்டவா?"

இரண்டாவது கடையில், தன் ஹெட்போனையே செருகிக்கொண்டு, "பாட்டு வேண்டாம். எதுவும் போடாதீங்க" என்றார். ஒன்றும் ஓடாத கம்ப்யூட்டரைக் கண்மூடிக் கேட்டபடி மவுஸை மட்டும் நகர்த்தினார். "கிர்ருங்குது."

"அதெல்லாம் யாருக்கும் கேக்காது சார்."

"எனக்குக் கேக்குதே. நான் ஆளில்லையா?" மேசையில் தட்டிய தட்டில் பேனா உருண்டு விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன்.

மூன்றாவது கடையில் இருந்த பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். "உங்க கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருக்கிற மத்த பாகங்களோட இரைச்சல் பாட்டுல ஏறுது. கார்டு உள்ளயே இருந்தா அந்தத் தொல்லை திரும்ப வரலாம். யூஎஸ்பில மாட்டி வெளியவே வைக்கிறதா எடுத்துக்கோங்க" என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கறுப்புப் பெட்டியைக் கொடுத்தாள். விளக்கு இல்லை, மினுக்கு இல்லை. அண்ணன் அதில் ஹெட்போனைச் செருகிக் காதில் வைத்தார். மவுஸை இழுத்து இழுத்துப் பார்த்தார். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டில் மாட்டிக்கொடுக்க நானும் போனேன். அண்ணி சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். மூன்று பாட்டுகள் முடியும்வரை அண்ணனின் முகத்தில் நான் பார்த்தேயிராத ஓர் அமைதி. நாலாவது பாட்டு பாதியில் நின்றுபோகும். அரைகுறையாய்ப் பதிவு செய்ததாக மச்சினியை இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் நிமிர்ந்தார். திரும்ப ஓட்டினார். இன்னொரு தடவை. கழுத்து நரம்பு புடைத்தது.

அண்ணி துணியைக் கீழே வைத்தார். "கேட்டுடுச்சா?" என்று காற்றாய்க் கேட்டார்.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லலை?"

நான் எழுந்தேன். "உக்காருங்க" என்றார் அண்ணன். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைச் செருகினார்.

கூடம் முழுக்க அண்ணியின் குரல் எழும்பியது. மேலே ஏறி, திரும்பப்போகும் நேரத்தில், தூரத்தில் ஏதோ அறையிலிருந்து ஓர் ஆண் குரல்: "ஏய், நிறுத்தித் தொலை. வேலைக்குப் போய்ட்டு வந்த மனுஷன் படுக்க வேண்டாமா?" பாட்டு அறுந்தது. குரல் அண்ணனுடையது.

அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் கையை நீட்டி, சத்தத்தைக் கடைசிவரை கூட்டி, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார்.