பாலத்தைக் கடந்த சேல்ஃபோ

சேல்ஃபோவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோள ரொட்டியைக்கூட நின்றபடிதான் தின்பார். கடற்கரையிலிருந்து எங்கள் மலைக்குக் கோவேறு கழுதையில் உப்பு கொண்டுவருவது அவர் தொழில்.

உலகப்போரில் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த இத்தாலிக்காரன் சரணடைந்து ஜெர்மன்காரன் வந்த அந்த இலையுதிர்காலத்தில், எங்கள் ஆட்களே ஒருவரையொருவர் சுடத் தொடங்கினார்கள். ஆற்றுப் பாலமும் அதற்கு அப்பாலிருந்த சந்தை ஊரும் தேசியவாதிகளிடம். மேட்டுக்காடு கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடம். சேல்ஃபோவின் பாதை இரண்டுக்கும் நடுவே.

ஒருநாள் காலை தேசியவாதிகள் அவர் கழுதைமேல் தோட்டாப் பெட்டிகளை ஏற்றி, மலையிலிருந்த தங்கள் காவல் சாவடிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாதி வழியில் கெரில்லாக்கள் மறித்தார்கள். முன்னால் நின்றவன் அவர் மனைவியின் தம்பி தெர்விஷ்.

"அத்தான், யாருக்குச் சுமக்கிறீங்க?"

"எவன் துப்பாக்கிய நீட்டுறானோ அவனுக்கு. இப்ப நீ நீட்டுற."

பேச்சு முடியுமுன் கீழிருந்து தேசியவாதிகள் சுட்டார்கள். கழுதை விழுந்தது. தெர்விஷுக்குத் தொடையில் குண்டு. மற்றவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். சேல்ஃபோ அவனை முதுகில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

"பாலத்துக்கா? சுட்டுருவானுங்க, அத்தான்."

"டாக்டர் அங்கதான்டா இருக்கான். வாய மூடு."

பாலத்தில் காவல் நின்றவன் கப்லான், பக்கத்து ஊர் இடையன்.

"அது என்ன சுமை?"

"என் மச்சான். உங்க குண்டுதான். சுடுறதுன்னா சுடு, இல்ல வழி விடு. என்னால நிக்க முடியல."

கப்லான் தெர்விஷின் தொப்பியிலிருந்த சிவப்பு நட்சத்திரத்தைப் பிய்த்து ஆற்றில் எறிந்தான். "வேட்டைத் துப்பாக்கி வெடிச்சிருச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லு. போ."

தெர்விஷ் பிழைத்தான், கால்தான் நொண்டி. போர் முடிந்தபின் அவன் கட்சி ஆண்டது, அவன் அதிகாரியானான். கப்லான் சிறைக்குப் போனான். சேல்ஃபோ வாராவாரம் தெர்விஷின் அலுவலகப் படியேறினார்.

"உக்காருங்க அத்தான்."

"உக்கார வரல. அவன விடு."

"அவனுக்காகப் பேசினா என்னையும் பிடிப்பாங்க."

"அன்னிக்குப் பாலத்துல அவனும் இப்படி யோசிச்சிருந்தா?"

தெர்விஷ் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டான்.

மூன்றாம் மாதம் சேல்ஃபோவையே பிடித்தார்கள். எதிரிக்குத் தோட்டா சுமந்த குற்றம். சதுப்பு நிலத்தில் இரண்டு வருடம் கால்வாய் வெட்டினார். காட்டிக்கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. அவர் மனைவி ஹதீஜே மட்டும் தம்பி வீட்டு வாசலை அதன்பின் மிதிக்கவில்லை.

கப்லான் சிறையிலேயே இறந்தான். விடுதலையான சேல்ஃபோ மாதம் ஒருமுறை மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கப்லானின் மனைவி வீட்டுக்கு மூன்று மணி நேரம் நடந்தார். ஒருமுறை வழியில் தெர்விஷ் தடியூன்றி நின்றான்.

"நானும் வரேன், அத்தான்."

"உன் காலுக்கு இந்த ஏத்தம் ஆகாது" என்று சொல்லிவிட்டு, சேல்ஃபோ நிற்காமல் போனார்.