எண்பது நாள் ஆகாத பெண்கள்

மற்றவர்கள் வேலைக்கு வந்த நாளை எழுதுவதுதான் டைம் ஆபீஸ் கிளார்க்கின் வேலை. வராத நாளையும் அவனே உண்டாக்க வேண்டியிருக்கும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும். மேலே ஒருவர் சொல்ல, கீழே கையெழுத்துப் போட்டே காலம் தள்ளியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எழுபத்தைந்தாம் நாள்

பாலக்கோடு பக்கம் ஒரு தையல் கம்பெனியில் இருந்தேன். கான்ட்ராக்டில் தைக்கும் பெண்களுக்கு எழுபத்தைந்தாம் நாள் ‘பிரேக்’ கொடுப்போம். பத்து நாள் கழித்து வேறு கான்ட்ராக்டர் பெயரில் வந்து, அதே மெஷினில் உட்காருவார்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

பிரசவத்துக்கு முந்தைய ஒரு வருடத்தில் எண்பது நாள் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு இருபத்தாறு வாரம் லீவு என்பது சட்டம். பத்தாவதோடு நின்ற நான், ஒரு புத்தகம் வாங்கித் தட்டுத்தடுமாறிப் படித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். மேனேஜரிடம் காட்டினேன்.

“இதையெல்லாம் படிச்சு எதுக்குங்க கண்ணக் கெடுத்துக்கறீங்க? எழுபத்தஞ்சு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சாப் போதும்.”

ஆறு நாள்

மாரண்டஹள்ளியிலிருந்து வரும் செசிலி காலர் தைப்பவள். ஆறு மாதக் கர்ப்பிணி. அவசர ஆர்டர் ஒன்றுக்காக அந்த முறை யாருக்கும் பிரேக் தரவில்லை. எண்பத்தோராம் நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தாள். எண்பது நாள் கணக்கை அவளுக்குச் சொன்னதே நான்தான்.

மேனேஜர் வருகைப் பதிவேட்டை என் முன் தள்ளி, ஆறு நாளுக்கு ‘ஆப்சென்ட்’ போடச் சொன்னார். வேலை போய்விடுமே என்று போட்டேன். நாள் போதவில்லை என்று அவளை அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னிடம் கேட்டாள்.

“தெனமும் கேட்ல என்னப் பாத்துத் தலையாட்டுனது நீங்கதானேங்கண்ணா?”

அப்பாவின் லீவு

அவள் கணவன் சூசை அங்கேயே பேக்கிங்கில் இருந்தான். பிள்ளை பிறந்ததும் ஒரு வாரம் கேட்டான். தனியார் கம்பெனியில் அப்பாவுக்கென்று சட்டத்தில் லீவே கிடையாது. ஆகவே அவனை ஏமாற்றக்கூடத் தேவைப்படவில்லை. என் மகள் பிறந்த அன்று நானும் டியூட்டியில்தான் இருந்தேன். கேட்கலாம் என்றே தோன்றவில்லை. என் மனைவி சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சூசைக்கு சூப்பர்வைசர் பதில் சொன்னார்.

“பெத்தவ அவ. நீ எதுக்குடா படுத்துக்கற?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை

செசிலி தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். பதிவேட்டோடு என்னையும் கூப்பிட்டார்கள். பதற்றத்தில் நான் போட்ட ஆறில் ஒன்று, கம்பெனி பூட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. அதிகாரி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

“ஏங்க, யாருமே வராத அன்னிக்கு இந்தம்மா மட்டும் வரலைன்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?”

உத்தரவு

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, நடந்ததைச் சொன்னேன். அடுத்த வாரமே எனக்கு வேலை இல்லை. கம்பெனி அப்பீல்மேல் அப்பீல் போட்டு இழுத்தடித்தது. லீவு அவளுக்கு உரியதுதான் என்று ஒருவழியாக உத்தரவு வந்தது. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில், ஓடுகிற பிள்ளையைத் துரத்திக்கொண்டு வந்தவளிடம் விசாரித்தேன்.

“கெடச்சிருச்சுங்கண்ணா. நாப்பதாம் நாளே பால் கட்டிக்கிட்டு வேற கம்பெனிக்குப் போனவ நான். இவன் இப்ப மடியில நிக்க மாட்டேங்கறான், அந்த லீவ வச்சு நான் என்னங்கண்ணா பண்றது?”

கடைசியில் சட்டமும் வந்து சேர்ந்தது. அதன் பெயருக்கு நேரே ‘லேட்’ என்று எழுதத்தான் அந்த நாற்காலியில் நான் இல்லை.