கஜன் எழுதாத இரண்டு வரி

கஜன் போய்விட்டான்.

நேற்று விடிய வேலைக்குப் போகும்போது மழைக்குள் வேலை வான் ரோட்டில் சறுக்கி... வெஸ்ட்மீட் ஹொஸ்பிட்டலுக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்துநாலு வயது.

என்னோடு இயர் 12 முடித்தவர்களுக்கு அவனைத் தெரியும். தெரியாதவர்களுக்கு... எங்கள் இயரில் இருந்த மூன்றே மூன்று தமிழ்ப் பிள்ளைகளில் ஒருவன். பயோலஜியில் எப்போதும் முதலாவது. எந்நேரமும் வாயில் ஏதாவது இருக்கும்.

ஏதாவது என்றால் அவனுடைய அம்மா பொரித்துக் கொடுக்கும் ரோல்ஸ்தான். இன்டர்வல் மணி அடித்தால் அரைவாசி கிளாஸ் அவன் பையைச் சுற்றி நிற்கும். அவனுக்கு மிஞ்சுவது ஒன்றோ பாதியோ.

ஸ்கூலின் கடைசி வருடத்துக்கென்று செய்யும் இயர் 12 ஜேர்சியில் எல்லாரும் முதுகில் ஒரு பட்டப்பெயர் அடித்தோம். அவனுக்கு 'ஸ்நாக்ஸ்'. எனக்கு 'பொலீஸ்'. எல்லாரையும் விரட்டி விரட்டி வேலை வாங்குகிறவள் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்கூலின் கடைசி வாரம் பிரின்சிபலின் காரை ஒரு இடம் மிச்சமில்லாமல் மஞ்சள் ஸ்டிக்கி நோட்ஸால் மூடினோம். போட்டோ எடுத்துவிட்டு எல்லாரும் பரமட்டாவுக்குச் சாப்பிடப் புறப்பட்டால் இவனைக் காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கிறேன்... தனியாக நின்று ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்கிறான்.

"உனக்கென்ன விசரோடா?"

"மனுசன் வீட்ட போகவேணுமெல்லோ" என்றான்.

நல்ல பிள்ளைக்கு நடிக்கிறான் என்று ஏசினேன். அவன் பயந்துபோய் நின்றான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இனி எழுதப்போவதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஸ்கூல் முடிக்கிறவர்களின் நினைவுப் புத்தகம், இயர்புக், செய்தது நான். ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ, இரண்டு கேள்வி, பதில் எழுத ஒரு சின்னப் பெட்டி. ஸ்கூலில் மறக்கமுடியாத இடம் எது? பத்து வருடத்தில் நீ எங்கே இருப்பாய்?

ஒருத்தி சந்திரனில் இருப்பேன் என்று எழுதினாள். ஒருவன் அதே ஸ்டொப்பில் அதே பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருப்பேன் என்று எழுதினான். எங்கள் கிளாஸில் டான்ஸ் ஆடும் பெடியன் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தந்தான், வெட்டிக் குறைக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது.

கஜன் முதல் கேள்விக்கு 'கன்டீன்' என்று எழுதியிருந்தான். இரண்டாவதுக்கு ஒன்றுமே இல்லை.

மூன்று தரம் துரத்தினேன். "நாளைக்குத் தாறன்." "எழுதுறன் எழுதுறன்." மூன்றாம் தரம், "ஐ டோன்ட் நோ... நீயே ஏதும் போட்டுவிடு."

போட்டேன். 'வெஸ்ட்மீட் ஹொஸ்பிட்டலில் டொக்டராக இருப்பேன். அம்மாவுக்குச் சமைக்கப் பெரிய குசினி உள்ள வீடு வாங்கியிருப்பேன்.' இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தமிழ்ப் பெடியன், பயோலஜியில் முதலாவது... வேறு என்ன எழுதுவது?

ரிசல்ட்ஸ் வந்த அன்று அவனுக்கு என்னைவிட மார்க்ஸ் கூட. எந்த யுனிவர்சிட்டி என்று கேட்கக் கோல் எடுத்தேன்.

"எனக்கு யுனி இல்லையடி" என்றான்.

அவனும் அம்மாவும் படகில் அகதிகளாக வந்தவர்கள். அத்தனை வருடமும் தற்காலிக விசா. அந்த விசாவில் யுனி போவதென்றால் வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளின் ஃபீஸ் கட்டவேண்டும். சின்னக் குழப்படி செய்தாலும் விசாவில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. இது ஒன்றுமே எனக்குத் தெரியாது. ரோல்ஸ் தின்னத் தெரிந்தது.

"முதலே சொல்லியிருக்கலாமேடா. நான் அப்பிடி எழுதியிருக்க மாட்டனே."

"அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள இதையெல்லாம் எழுதச் சொல்லுறியோ?"

பிறகு சொன்னான், "அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டவ. தமிழில சொன்னனான். அழுதிட்டா. நான்தான் எழுதினனான் எண்டு நினைக்கிறா. விடு, அப்பிடியே கிடக்கட்டும்."

அவன் பாத்ரூம்களுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போனான். இரண்டு வருடத்துக்கு முதல் பிளாக்டவுன் ஸ்டேஷனில் கண்டேன். அதே ஜேர்சி. முதுகில் 'ஸ்நாக்ஸ்' தெரியாத அளவுக்குச் சீமெந்து.

விசா என்னவாயிற்று என்று கேட்டேன். "வரும்" என்றான். நம்பிச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

"இயர்புக்கில அதை எழுதினது நான் எண்டு உன்ர அம்மாவிட்ட சொல்லட்டோ?"

சிரித்தான். "பத்து வருசம் எண்டுதானே கேட்டனி. இன்னும் கிடக்கு."

ட்ரெயின் வந்துவிட்டது. அதன்பிறகு பிறந்தநாளுக்கு மெசேஜ், அவ்வளவுதான். நான் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

நேற்றுப் பின்னேரம் அவர்களுடைய யூனிட் வீட்டுக்குப் போனேன். ஹோலில் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் இயர்புக்கில் அவனுடைய பக்கத்தைப் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். என்னுடைய இரண்டு வரி... அதற்கும் சேர்த்து விபூதி பூசியிருக்கிறது.

அன்ரி, அவனுடைய அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"பிள்ளை, நீதானே அந்தப் புத்தகம் செய்தனி. என்ர பிள்ளை தன்ர மனசில இருந்ததை அதிலதான் எழுதினவன். எனக்கு வேற ஒண்டும் எழுதி வைக்கேல்லை. புதன்கிழமை செத்தவீட்டில எல்லாருக்கும் முன்னால நீ அதை வாசிக்கவேணும்."

"ஓம் அன்ரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்ரி முகநூலில் இல்லை. இதை வாசிக்கிற ஒருவரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

புதன்கிழமை வாசிப்பேன் கஜன். நீ எழுதினது என்று சொல்லித்தான் வாசிப்பேன்.

இன்னும் நாலு வருசம் கிடந்ததேடா...

போயிட்டு வா, ஸ்நாக்ஸ்.