சித்தியின் ஊசிக் கணக்கு

என் சித்தி தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய் வந்தாள். திறந்த வயிற்றை மூடுவதற்கு முன் கத்தரி, ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணியாக வேண்டுமாம். ஒன்று குறைந்தாலும், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் தையல் போடாமல் நிற்க வேண்டியதுதானாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குக்கரை மூடும் முன் அம்மாவின் கரண்டிகளை எண்ணுவாள். அப்பா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவளைப் பெண் பார்க்க கே.கே. நகரிலிருந்து வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் சோபா மெத்தை வாயைப் பிளந்துகொண்டது. அம்மா கையைப் பிசைந்தாள். சித்தி தன் பையைத் திறந்தாள். பழகிப் பார்க்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த, தேதி முடிந்த தையல் பாக்கெட்டுகள் இரண்டு அதில் இருந்தன. அந்த ஊசியில் நூல் கோக்க வேண்டாம், நூலோடு சேர்ந்தே வரும். வெட்டிப் போட்ட நகம் மாதிரி வளைந்திருக்கும். அதைக் கவ்விப் பிடிக்க ஒரு கருவி உண்டு. பார்த்தால் கத்தரி, ஆனால் வெட்டாது. சோபாவுக்கு ஆபரேஷன் நடந்தது. எட்டு வயது நான்தான் உதவி நர்ஸ்.

"ஊசி?" என்றாள் சித்தி.

"ரெண்டு" என்று எண்ணிச் சொன்னேன்.

இரண்டையும் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு டிவி பக்கத்தில் வைத்தாள். என் பொம்மைக்குக் கை பிய்ந்திருந்ததால் எனக்கு ஒன்று கேட்டேன். "தூக்கிப் போடுற வரைக்கும் கணக்குல இருக்கணும்டி" என்று சொல்லிவிட்டுப் புடவை கட்டப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் ஓர் ஊசி என் பென்சில் டப்பாவுக்கு மாறியது.

மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்து அதே சோபாவில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சித்தியிடம் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். காபித் தட்டோடு வந்த சித்தியின் கண் கிண்ணத்தில் விழுந்தது. தட்டைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்க. ஊசி ஒண்ணு குறையுது."

முதலில் எழுந்தவர் மாப்பிள்ளை. இரண்டு கைகளாலும் பேண்ட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். புது வேட்டியோடு அப்பா தரையில் தவழ்ந்தார். கேசரியை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் அம்மா நின்றாள். சித்தியின் கல்யாணம் என்னால் நின்றுவிடுமோ என்று பயந்துபோனேன். எல்லோரும் குனிந்திருந்த சமயம் பார்த்து ஊசியைக் கொண்டுவந்து கிண்ணத்தில் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். "நான் முதல்லயே சொல்லிடறேங்க. கல்யாணத்துக்கப்புறம் இந்த வேலையெல்லாம் வேண்டாம். எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு வீட்டோட இருந்தா போதும்."

மாப்பிள்ளை தலையாட்டினார். "அதுக்கென்னங்க, விட்டுடுவா" என்றாள் அம்மா.

சித்தி தேடுவதை விட்டு எழுந்தாள். கிண்ணத்தருகே வந்து குனிந்து பார்த்தாள். இரண்டு ஊசிகளும் பளபளவென்று கிடந்தன. பிறகு என்னைப் பார்த்தாள். நல்லவேளை, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

"ஒண்ணுதான் இருக்கு" என்றாள் சித்தி. "மெத்தையைப் பிரிச்சுப் பார்த்துடலாம்."

சொன்ன கையோடு, வெட்டுகிற கத்தரியாக எடுத்துத் தையலைப் பிரித்தாள். வீடெல்லாம் பஞ்சு பறந்தது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையை உதறிக்கொண்டே தும்மினார். "நீங்களும் கொஞ்சம் திரும்புங்க, பேண்ட்ல குத்தியிருக்கான்னு பார்த்துடறேன்" என்று மாப்பிள்ளையிடம் மிகுந்த மரியாதையோடு சித்தி சொன்னாள். ஐந்து நிமிடத்தில் அவர்களுடைய கார் கிளம்பிவிட்டது.

அம்மா அன்று முழுவதும் அழுதாள். எனக்கும் அழுகையாக வந்தது. சித்தி மட்டும் இரண்டு கிண்ணம் கேசரி சாப்பிட்டாள். சாயங்காலம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பொம்மையின் கையைத் தைத்தும் கொடுத்தாள்.

எனக்கோ வேறு கவலை. இரண்டு வரை எண்ணத் தெரியாத சித்தியை நம்பித் தில்லை நகரில் எத்தனை பேர் வயிற்றைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார்களோ! மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப் வரை அவளோடு நடந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தேன். அவளும் நல்ல பிள்ளையாக ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே பஸ் ஏறி வேலைக்குப் போனாள்.