பரலுக்குள் வளர்த்த பேன்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அன்றைக்கு வந்திருந்தால் இதை எழுதத் தேவை இருந்திராது.

புங்குடுதீவில் அண்ணையின் வீட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தேன். அவர் கனடாவில். கலியாணமாகாத தங்கச்சிக்கு இருக்க இடம், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு விளக்குக் கொளுத்த ஆள் என்று இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது. ஒருமுறை வந்தபோது அண்ணை ஹோலில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் தண்ணீர் நிரப்பி, கொழும்பிலிருந்து ஒரு மீன் எடுப்பித்தார். சுண்டுவிரல் அளவு. உடம்பெல்லாம் மயில் நிறத்தில் கோடுகள். கனடாவிலிருந்து அதைப் பார்க்க ஒரு கமராவும் பூட்டினார். அந்தக் கமரா பேசும்.

வெளிக்கிடும்போது சொன்னார்: "இந்த மீன் இருக்குமட்டும் நீயும் இந்த வீட்டில இருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த மீன் செத்த தீனி தின்னாது. கல்லில் ஊரும் கடற்பூச்சியைத்தான் கொத்தித் தின்னும். இறால் இனம்தான், ஆனால் ரவையிலும் சிறிது. அண்ணை போத்தலில் கொண்டுவந்த பூச்சி வழியிலேயே செத்துவிட்டது. நான் கடலுக்குக் குறுக்கே றோட்டுப் போகும் தாம்போதிக் கரைக்குப் போய், கற்குழிகளில் தேங்கிய தண்ணீரை அள்ளி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். தூசி மிதக்கும். பூச்சி துள்ளும்.

கிணற்றடியில் மூன்று பரல், ஆள் இடுப்பளவு பிளாஸ்டிக் பீப்பாய்கள், வைத்தேன். கடல் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை யூரியா போட்டு வெயிலில் விட்டால் பச்சை பிடிக்கும். பச்சையைத் தின்று பூச்சி பெருகும். தண்ணீர் வற்றி உப்பு ஏறினால் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் கிணறு உவர். அதனால் பவுசர் என்ற தண்ணீர் லொறியில் வரும் என் குடிதண்ணீரில் கொஞ்சம் அதற்குப் போகும். பொழுதுபட, தொட்டியின் விளக்கையும் மோட்டரையும் நிறுத்தி, துணியில் வடித்த பூச்சிகளைக் கல்லிடுக்கில் விடுவேன். ஓடி ஒளிந்தது பிழைக்கும். மற்றதை மீன் தின்னும். எனக்கு இரக்கம் வரவில்லை. தின்னக் கொடுக்கத்தானே வளர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணையின் மனைவி கமராவில் பேசுவா. நான் அவவுக்கு மச்சாள், அவ எனக்கு மச்சாள்.

"மச்சாள், உம்மட பேனெல்லாம் சுகமோ?" பின்னால் ஆட்கள் சிரிப்பது கேட்கும். "பிள்ளையளுக்குப் பேன் பாக்கக் குடுத்துவைக்கேல்லை. பாவம், பரலுக்குள்ள வளக்கிறா."

நானும் கமராவைப் பார்த்துச் சிரிப்பேன்.

இந்த வருசம் கோயில் திருவிழாவுக்கு அவர்கள் இனசனத்தோடு வந்தார்கள். வீடு நிறைந்துவிட்டது. பவுசர் வந்த காலை அண்ணை கோயிலில். தண்ணீர் பிடிக்க ஏனம் போதவில்லை. மச்சாள் கிணற்றடிக்கு வந்தா.

"உந்தப் பரல் மூண்டையும் கவிழ்த்துப்போட்டுக் கழுவும்."

"அதுக்குள்ள மீனுக்குச் சாப்பாடு, மச்சாள்..."

"மனுசருக்குக் குடிக்கத் தண்ணி இல்லை, உமக்குப் பேன் பெரிசோ? பவுசர்க்காரன் நிக்கிறான். கெதியாக் கவிழும்."

வாளிகளோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "அவாக்கு அதுகள் பெத்த பிள்ளையள் மாதிரியெல்லே," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு வாளியாவது அள்ளி வைக்கலாம் என்று கை போட்டேன். கால் கழுவ வேண்டுமென்று மச்சாள் அந்த வாளியை வாங்கிக்கொண்டா. மூன்றையும் என் கையால்தான் கவிழ்த்தேன். பச்சைத் தண்ணீர் வாழையடிக்கு ஓடியது. சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சிக் கழுவிக் கொடுத்தேன்.

கல்லில் மிச்சமிருந்த பூச்சிகள் சில நாள்தான் தாக்குப்பிடித்தன. சமையலுக்கு நடுவில் ஒருக்கால் கரைக்கு ஓடிப் போய் ஒரு போத்தல் அள்ளி வந்தேன். அது ஒரு நேரத்துக்கும் காணாது. மீனின் வயிறு உள்ளே போனது. அண்ணை இறாலைக் கொத்திப் போட்டார். அது பார்த்துவிட்டுத் திரும்பியது.

"திமிர் பிடிச்ச மீன்," என்றார்.

கடைசி நாளான தீர்த்தத்தன்று பின்னேரம் மீன் மணலில் சரிந்து கிடந்தது. திருவிழா அலுவலில் கிணற்றடிப் பக்கமே போகாத அண்ணை அப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பரலுக்குள்ள இருந்த பூச்சி எங்க?"

மச்சாள் மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை. "அவாதான் கவிழ்த்தவ. கேட்டுப் பாருங்கோ."

"நீயோ கவிழ்த்தனி?"

அன்று கிணற்றடியில் நின்ற பெண்கள் எல்லாரும் ஹோலில் இருந்தார்கள். ஒருத்தி தன் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓம் அண்ணை. நான்தான் கவிழ்த்தனான்."

"ஏன்?"

மச்சாள் இப்போது நிமிர்ந்து என்னையே பார்த்தா. கத்தியில் ஒட்டியிருந்த பழத்தை நக்கினா.

"தண்ணி பிடிக்க," என்றேன்.

அண்ணை சின்ன வலையால் மீனைத் தூக்கி என் உள்ளங்கையில் போட்டார். செவுள் இன்னும் அசைந்தது.

"இந்தா, இதையும் கொண்டுபோய் வாழையடியில ஊத்து. நான் சொன்னது ஞாபகம் இருக்குதானே?"

"ஓம்," என்றேன்.

"அப்ப சரி," என்று பழத்தட்டுக்குக் கை நீட்டினார்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் உடுப்புப் பையோடு பக்கத்துத் தீவிலுள்ள சரவணைக்கு, ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்குப் போனேன்.