மயக்கம் கொடுக்க மறுத்த டாக்டரம்மா

என் கணவர் எலும்பு டாக்டர். ஓசூரில் கம்பெனிகளும் ஹைவேயும் இருக்கும்வரை அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அவரோடு ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் மயக்க மருந்து டாக்டரம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த அம்மா என்னைவிட மூத்தவர், நரைத்த தலைக்குச் சாயம்கூடப் பூசாதவர். அழகியாக இருந்திருந்தால் என் வயிற்றெரிச்சலுக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

இருவரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள். இவர் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வளர்ந்தவர், வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். நான் கும்பகோணத்துக்காரி. என் கன்னடம் கடையில் கொத்தமல்லி, கருவேப்பிலை கேட்பதோடு சரி.

போன வருடம் மெஷினில் நசுங்கிய ஒரு இளைஞனைக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டான். அதற்கப்புறம் இவர் பேச்சு குறைந்தது. என்னங்க என்றால் ‘ஒண்ணுமில்ல’. டாக்டருக்குத் தெரியாததா, தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் சாயங்காலமானால் மொட்டைமாடியில் அந்த அம்மாவோடு போன். நான் துணி எடுக்கிற சாக்கில் ஒரு காதைக் கொடுப்பேன். ‘ஊட்டா ஆயித்து’ என்பது மட்டும் புரியும். சமைத்துப் போடுவது நான், சாப்பிட்டாச்சு என்ற கணக்கு அங்கே!

பிறகு வாரா வாரம் ஒரு மத்தியானம் அந்த அம்மாவின் காரில் பெங்களூர் போக ஆரம்பித்தார். மீட்டிங் என்றார். மீட்டிங்காம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். நர்ஸ் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“சார் ஆபரேஷன நிறுத்தி ரொம்ப நாளாச்சுங்களே மேடம். வர்ற பேஷண்டுங்கள மட்டும் பாத்துட்டுப் போறார். உங்களுக்குத் தெரியாதுங்களா?”

நேராக அந்த அம்மாவின் அறைக்குள் போய், “என் வீட்டுக்காரர எங்க கூட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“மனநல டாக்டர்கிட்டம்மா. இங்க போனா ஊரே பேசும்னு அந்தப் பக்கம் போறோம். நீங்களே உங்க வீட்டுல சொல்லுங்கன்னு தினமும் போன்ல அவர்கிட்ட சண்டை போடறேன்.”

அந்த இளைஞன் போன அன்று, கை கழுவும்போது இவர், ‘அவனுக்குப் பதிலா நான் போயிருக்கலாம், போயிடணும் போலத்தான் இருக்கு’ என்றாராம். மற்றவர்கள் அலுப்பில் சொல்கிறார் என்று விட்டுவிட்டார்கள். இந்த அம்மா விடவில்லை. மறுநாள் அவசரமில்லாத ஆபரேஷன் ஒன்று இருந்தது. அதை வேறு டாக்டருக்கு மாற்றிவிட்டு இவரிடம் சொல்லியிருக்கிறார்: “நீங்க மனநல டாக்டரப் பாத்து, அவர் சரின்னு சொல்ற வரைக்கும் உங்க பேஷண்டுக்கு நான் மயக்கம் கொடுக்க மாட்டேன்.” மயக்கம் இல்லாமல் கத்தி எடுக்க முடியுமா? இவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

நான் அந்த அம்மாவின் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கோ பொறாமை இரட்டிப்பானது. அவர் கையில் அப்படியொரு பிடி இருந்தது, என் கையில் சாம்பார் கரண்டிதான் இருந்தது. உயிர் போகிற விஷயத்தை இவர் அங்கேதானே சொன்னார்?

“சாகத் தோணுதான்னு நேரா கேளுங்கம்மா. கேக்கறதால அந்த நெனப்பு வந்துடாது. கேக்காம விட்டாதான் அவர் தனியா கெடப்பார்” என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் கேட்டேன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதார்.

“தோணுச்சு. இப்ப கொறஞ்சிருக்கு.”

“ஏங்க என்கிட்ட சொல்லல?”

“உன் மொகத்தப் பாத்தா வாய் வரல.”

அடுத்த வாரத்திலிருந்து நானும் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். கர்நாடக எல்லையில் ஜூஜூவாடி தாண்டுவதற்குள் முன்சீட்டில் இருவரும் கன்னடத்தில் சிரிப்பார்கள். இவர் சிரிப்பதே பெரிய விஷயம் என்று தெரியும். தெரிந்தும் எரியும்.

மருந்தும் பேச்சுமாக மெல்லத் தேறினார். மறுபடி தியேட்டருக்குப் போகிறார், முன்புபோல இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வதில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்தவர், ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்தார்.

“இன்னைக்கு மறுபடியும் அந்த நெனப்பு வந்துச்சு.”

அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த நிலையிலும் என் வாயில் முதலில் வந்தது, “அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?” என்பதுதான்.

“இல்ல. உன்கிட்டதான் சொல்றேன்.”

அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. வெட்கக்கேடுதான். அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த அம்மாவுக்கு நானே போன் போட்டேன்.

“அக்கா, வண்டிய எடுத்துக்கிட்டு உடனே வாங்க. டாக்டரப் பாக்கணும். மொதல்ல என்கிட்டதான் சொன்னார்.”